டாசன் கவுண்டியின் பருத்தி மானியங்கள்: தரவு தேடி ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், பருத்தியை நம்பியிருக்கும் டாசன் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) பண்ணைகளுக்குக் கிடைக்கும் அரசு மானியங்களைப் பற்றிக் கட்டுரை எழுதி வருகிறேன்.

அமெரிக்கப் பருத்தி மானியங்களை எதிர்த்து உலக வர்த்தக அமைப்பில் பிரேசில் வென்ற வழக்கின் பின்னணியில், 2014-ஆம் ஆண்டு வேளாண் சட்டம் பருத்தியை விலைப் பாதுகாப்புத் திட்டங்களிலிருந்து நீக்கியது; 2018-இல் ‘விதை நீக்காத பருத்தி’ என்ற பெயரில், பவுண்டுக்கு 36.7 சென்ட் குறிப்பு விலையுடன் (சந்தை விலை இதற்குக் கீழே போனால் மானியம் கிடைக்கும்) அது மீண்டும் சேர்க்கப்பட்டது. (கொல்லைப்புற வழி என்றே எனக்குத் தோன்றுகிறது.)

மானியம் அந்தந்த ஆண்டு விதைத்த பரப்புக்கன்றி, முந்தைய ஆண்டுகளின் சாகுபடியை வைத்துப் பதிவான அடிப்படைப் பரப்பின் 85 விழுக்காட்டுக்குக் கணக்கிடப்படுகிறது. ரொக்கக் குத்தகையில் அது பயிரிடுபவருக்கும், விளைச்சலைப் பகிரும் பங்குக் குத்தகையில் நில உரிமையாளர், பயிரிடுபவர் இருவருக்கும் செல்கிறது. கவுண்டி அளவில் இவ்விரு வகைக் குத்தகைகளையும் பிரித்துக் காட்டும் தரவு எங்கே கிடைக்கும் என்பதை அறிந்தவர்கள் தெரிவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.