புதுப்பிப்பு: யு-பூட் இயல்பமைப்பை மாற்றியும் பலகை பழையபடியே தொடங்கிய சிக்கல் தீர்ந்தது

பலகையில் இயங்குதளத்தை ஏற்றித் தொடங்கும் நிரலான யு-பூட்டின் டெஃப்கான்ஃபிக் (இயல்பமைப்பு) கோப்பில், தொடங்கும் முன் காத்திருக்கும் நேரத்தை 2 விநாடியிலிருந்து 5 ஆக்கி, யு-பூட்டை மீண்டும் கம்பைல் செய்து எஸ்டி கார்டில் எழுதியும், என் மேம்பாட்டுப் பலகை 2 விநாடியிலேயே தொடங்குவது ஏன் என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

சில மாதங்களுக்கு முன் நான் கொடுத்த 'சேவ்என்வ்' கட்டளை, அன்றைய மாறிகள் (காத்திருப்பு நேரம் போன்ற அமைப்பு மதிப்புகள்) அனைத்தையும் பலகையிலேயே பொருத்தப்பட்ட இஎம்எம்சி நினைவகத்தில் பதிந்து வைத்திருந்தது. அந்தப் பதிவின் சிஆர்சி (தரவு சிதையவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) சரியாக இருக்கும்வரை யு-பூட் அதையே எடுத்துக்கொள்கிறது. நாம் கம்பைல் செய்து சேர்க்கும் இயல்பமைப்பு, பதிவு இல்லாதபோதோ சிதைந்திருக்கும்போதோ மட்டுமே நடைமுறைக்கு வருகிறது. எத்தனை முறை கார்டை மாற்றி எழுதியும் பயனில்லாமல் போனது இதனால்தான். பலகையின் செய்திகளைக் காட்டும் சீரியல் கன்சோலில், சேமித்த மாறிகள் எம்எம்சி-யிலிருந்து ஏற்றப்பட்டதைச் சொல்லும் 'லோடிங் என்விரான்மென்ட் ஃப்ரம் எம்எம்சி... ஓகே' என்ற வரி ஒவ்வொரு முறையும் கண்ணெதிரே ஓடியது; அதை நான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டும்.

மாறிகளை இயல்பமைப்புக்கு மீட்கும் 'என்வ் டிஃபால்ட் -ஏ', பிறகு 'சேவ்என்வ்' கொடுத்து ரீசெட் செய்ததும் எண்ணிக்கை 5-லிருந்து இறங்கத் தொடங்கியது. 'என்வ் டிஃபால்ட் -ஏ' கட்டளை, சர்வர் முகவரி போன்று நாமே சேர்த்த மாறிகளையும் அழித்துவிடும் என்பதால், முன்னதாக, மாறிகளைப் பட்டியலிடும் 'பிரின்ட்என்வ்' கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். காத்திருப்பு நேரத்தை -2 என வைத்தால் விசையை அழுத்தியும் தொடக்கத்தை நிறுத்த முடியாது. சோதனைப் பலகையில் அதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.