ஒரு சைஸ் பெருசா வாங்கி முன்னாடி பஞ்சு அடைக்கணுமாம்!

நித்யா_ஈரோடு
போன வாரம் இந்த குரூப்ல கயல் அம்மா எழுதுனது ஞாபகம் இருக்கா? "நடை பழகுற புள்ளைக்கு அடிக்கடி ஷூ வாங்கி காசை கரியாக்காதீங்க, ஒரு சைஸ் பெருசா வாங்கி முன்னாடி பஞ்சு அடைச்சு விடுங்க, ஆறு மாசம் ஓடும்"னு. அத்தனை பேரும் சூப்பர் டிப்ஸ் அக்கான்னு கை தட்டுனீங்க. நானும் நம்பி 280 ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கி பஞ்சு அடைச்சு போட்டு விட்டேன். பையனுக்கு 13 மாசம், சோபாவ பிடிச்சிட்டு நாலு அடி வைப்பான், அவ்ளோதான். மூணாவது நாள் வாசப்படில ஷூ முனை தட்டி குப்புற விழுந்து மேலுதடு கிழிஞ்சு ரத்தம். அவங்க அப்பா இன்னும் என்கிட்ட சரியா பேசல. இந்த பஞ்சு ஐடியாவ யார் கண்டுபிடிச்சது, அத மட்டும் சொல்லுங்க.

கயல்_அம்மா
நித்யா, புள்ளைக்கு அடிபட்டது கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா அதுக்கு என்னை இழுக்காதீங்க. நடை பழகுற புள்ள விழத்தான் செய்யும், வெறுங்கால்லயும் விழும். எனக்கு ரெண்டு பொண்ணு, ரெண்டுமே பஞ்சு வச்ச ஷூலதான் நடந்துச்சுங்க, இப்ப மூத்தவ ஸ்கூல்ல ஓட்டப்பந்தயத்துல கப்பு வாங்கிட்டு வர்றா. நீங்க எவ்ளோ பஞ்சு வச்சீங்க, எப்படி வச்சீங்கன்னே சொல்லல. உருட்டி திணிச்சா அப்படித்தான் ஆகும், தட்டையா பரப்பி வைக்கணும். மாசம் 14 ஆயிரத்துல குடும்பம் ஓட்டுறவங்களுக்குத்தான் நான் எழுதுனேன்.

ஆம்பூர்_பேட்டர்ன்
பதினோரு வருஷம் ஷூ கம்பெனில பேட்டர்ன் (வெட்டுற அச்சு வரையிற) செக்‌ஷன்ல இருந்தவன் சொல்றேன், பஞ்சு வைக்கிறது தப்பு, தட்டையா வச்சாலும் தப்பு உருட்டி வச்சாலும் தப்பு. ஷூ மடங்குற இடம் விரல் அடில இருக்கிற மூட்டுக்கு நேரா வரணும், அப்படித்தான் சோல்ல கோடு போட்டு வளைய விடுறோம். நீங்க ஒரு சைஸ் பெருசா போட்டா மடங்குற இடம் முன்னாடி தள்ளிப் போயிடும், புள்ள கால் ஒரு இடத்துல மடங்கும் ஷூ வேற இடத்துல மடங்கும், அதனாலதான் முனை தரைல இடிக்குது. பஞ்சு அத சரி பண்ணாது. பஞ்சு கால பின்னாடி தள்ளும் அவ்ளோதான், வேர்வைல நனைஞ்சு கட்டியா உருண்டு விரல அழுத்தும். ஒரு வயசு புள்ளைக்கு அங்க எலும்பே முழுசா வரல, நிறைய இடம் இன்னும் குருத்தெலும்புதான். அதுக்கு வலின்னு சொல்லவும் தெரியாது.

கயல்_அம்மா
சரி சார், அப்ப எவ்ளோ இடம் விடணும்?

ஆம்பூர்_பேட்டர்ன்
நிக்க வச்சு பாக்கணும், பெருவிரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம்.

கயல்_அம்மா
அதான்! கட்டைவிரல் அகலம்னா எவ்ளோ? என் வீட்டுக்காரர் விரல அளந்தேன் 2.2 சென்டிமீட்டர் வருது, என்னோடது 1.7. யாரு கட்டைவிரல் சார்? ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் ஒரு சென்டிமீட்டர் கூட வித்தியாசம் இல்ல, நீங்க சொல்ற கட்டைவிரல் இடம் ஒரு சைஸ விட அதிகம். நான் சொன்னத நீங்க வேற வார்த்தைல சொல்றீங்க, ஆனா நான் சொன்னா தப்பு, கம்பெனில இருந்தவர் சொன்னா சரி.

வெறுங்கால்_ராஜா
ரெண்டு பேருக்கும் ஒரே பதில், வீட்டுக்குள்ள ஷூவே வேண்டாம். 1992ல கர்நாடகாவுல ராவ், ஜோசப்னு ரெண்டு டாக்டருங்க 4 வயசுலேர்ந்து 13 வயசு வரைக்கும் 2300 புள்ளைங்களோட காலடி அச்சு எடுத்து ஆராய்ச்சி வெளியிட்டாங்க. செருப்பு ஷூ போட்ட புள்ளைங்கள்ல 8.6 சதவீதத்துக்கு தட்டைப் பாதம், போடாம வளந்ததுல 2.8 தான். அதுலயும் முன்பக்கம் மூடுன ஷூ போட்டதுங்களுக்குத்தான் ரொம்ப மோசம். நம்ம ஊர் பக்கத்துலயே நடந்த ஆராய்ச்சி. அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அகாடமியும் வெளிய நடக்குற வரைக்கும் ஷூ தேவையில்லன்னுதான் சொல்லுது. பஞ்சாவது மண்ணாவது.

சென்னை_ப்ரீத்தி
ராஜா அண்ணே, வந்துட்டீங்களா. கேழ்வரகு கூழ் பத்தி பேசுனப்பவும் இதே மாதிரி ஒரு ஆராய்ச்சிய தூக்கிட்டு வந்தீங்க. எங்க தெருவுல மழைநீர் வடிகால் தோண்டி போட்டு நாலு மாசம் ஆச்சு, கண்ணாடி சில்லு, ஆணி, நாய் எல்லாம் இருக்கு. வெறுங்கால்ல விட்டா கொக்கிப்புழு பாதம் வழியாவே உள்ள போகும். சித்திரை வெயில்ல தார் ரோட்டுல நீங்க ஒரு பத்து அடி நடந்து காட்டுங்க, அப்புறம் என் பொண்ண விடுறேன்.

வெறுங்கால்_ராஜா
"வீட்டுக்குள்ள"ன்னு எழுதிருக்கேன். படிக்கத் தெரியாதா?

சென்னை_ப்ரீத்தி
இந்த மரியாதைதான் அன்னைக்கு கூழ்லயும் குடுத்தீங்க. நான் மறக்கல.

ஆம்பூர்_பேட்டர்ன்
கயல் மேடம், நீங்க சைஸ்னா என்னன்னே தெரியாம பேசுறீங்க. நம்ம நாட்டுல போடுறது இங்கிலாந்து சைஸ். குழந்தை ஷூவுக்கு சைஸ் பூஜ்யம்னா 4 இன்ச், அதுக்கு மேல ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு இன்ச்சுல மூணுல ஒரு பங்கு, அதாவது 8.47 மில்லிமீட்டர். அந்தக் காலத்துல மூணு வாற்கோதுமை மணிய நீளவாக்குல வச்சா ஒரு இன்ச், அதுல ஒரு மணிதான் ஒரு சைஸ். அப்ப 4ம் நம்பர்னா 13.5 சென்டிமீட்டர். ஆனா அது கால் நீளம் இல்ல, லாஸ்ட்டோட நீளம். லாஸ்ட்னா ஷூ தைக்கிறப்ப உள்ள வைக்கிற அச்சு. அந்த அச்சுலயே விரலுக்கு முன்னாடி இடம் விட்டுத்தான் செய்வோம். 12, 12 அரை சென்டிமீட்டர் கால் அதுக்குள்ள வசதியா இருக்கும். கட்டைவிரல் இடம் ஏற்கனவே உள்ள இருக்கு, நீங்க அதுக்கு மேல இன்னொரு சைஸ் ஏத்துறீங்க.

கயல்_அம்மா
என் புள்ள கால் 12.6ன்னா? எத்தனை அம்மா சார் கடைல லாஸ்ட் கேப்பாங்க? கடைக்காரர் ஒரு 4 எடுத்து போடுவார், டைட்டா இருந்தா 5. நான் சொன்னதும் அதேதான். ரெண்டு வயசுக்குள்ள கால் மாசத்துக்கு ஒன்றரை மில்லி வளருதுன்னு போன மாசம் நீங்கதான் எழுதுனீங்க, நான் ஸ்க்ரீன்ஷாட் வச்சிருக்கேன். எட்டரைய ஒன்றரையால வகுத்து பாருங்க. அஞ்சரை மாசத்துக்கு மேல வருதா இல்லையா? ஆறு மாசம் ஓடும்னு நான் சொன்னது உங்க கணக்குலயே சரி.

ஆம்பூர்_பேட்டர்ன்
அஞ்சரை மாசம் கழிச்சு சரியா வரும். அந்த அஞ்சரை மாசமும் புள்ள தடுக்கி விழணுமா? புது நடை பழகுற நேரமே அந்த அஞ்சரை மாசந்தான்.

கயல்_அம்மா
அதுக்குத்தான் பஞ்சு.

ஆம்பூர்_பேட்டர்ன்
மறுபடியும் பஞ்சு!

மதுரை_மணி
ஏங்க, ஆம்பூர்னதும் நான் பிரியாணி பத்தி ஏதோ பேசுறீங்கன்னு உள்ள வந்தேன், இங்க பஞ்சு மில் ஓடுது. அது கிடக்கட்டும், கால்ல போடுறது ரெண்டாவது, முதல்ல அந்த பிளாஸ்டிக் சக்கர வாக்கர்ல புள்ளைய உக்கார வைக்கிறத நிறுத்துங்க. எங்க அண்ணன் வீட்டுல வாக்கரோட ரெண்டு படி இறங்கிருச்சு புள்ள. கனடாவுல 2004லயே வாக்கர் விக்கவே கூடாதுன்னு தடை போட்டுட்டான். நம்ம மர நடைவண்டி இருக்குல்ல, மூணு சக்கரம் வச்சது, புள்ள அதுவா எந்திரிச்சு நின்னு தள்ளிட்டுப் போகும். திருவிழாக் கடைல கிடைக்கும்.

நித்யா_ஈரோடு
மணி அண்ணா நான் வாக்கர் பத்தி கேக்கவே இல்ல. நான் கேட்டது பஞ்சு.

கொளத்தூர்_தாத்தா
என் பேத்திக்கு கீச் கீச்னு சத்தம் போடுற ஷூ வாங்கிக் குடுத்தேன். அந்த சத்தத்துக்காகவே அவ எந்திரிச்சு எந்திரிச்சு நடந்தா. 11 மாசத்துலயே நடந்துட்டா. சைஸ் எல்லாம் யாரு பாத்தா.

சென்னை_ப்ரீத்தி
ஐயா, தப்பா நினைக்காதீங்க, எங்க மேல் வீட்டுல அந்த ஷூதான். காலைல ஆறு மணிக்கு ஆரம்பிக்கும். குதிகால்ல அந்த சத்தக் குமிழ் இருக்கிறதால சோல் கட்டையா இருக்கும், வளையவே வளையாது. நடை பழகுறப்ப சோல் முன்பாதில மடிச்சா மடங்கணும்.

கொளத்தூர்_தாத்தா
உங்க மேல் வீட்டுக்கும் என் பேத்திக்கும் என்னம்மா சம்பந்தம். குழந்தை நடக்குறது ஒரு சத்தமா?

வெறுங்கால்_ராஜா
11 மாசத்துல நடந்தது ஷூவால இல்ல தாத்தா. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி தனியா நடக்குறது எட்டு மாசத்துக்கு மேலேர்ந்து பதினேழரை மாசம் வரைக்கும் எப்ப வேணா வரும். ஷூவுக்கு அதுல ஒரு பங்கும் இல்ல.

கொளத்தூர்_தாத்தா
நீங்க என் வீட்டுல இருந்து பாத்தீங்களா?

ஆம்பூர்_பேட்டர்ன்
நான் வந்த விஷயத்த முழுசா சொல்லிடறேன், யாரும் நடுவுல வராதீங்க. காசு இல்லாதவங்க 200, 300 ரூபாய்லயே நல்ல ஷூ வாங்கலாம், அதுக்கு பஞ்சு தேவையில்ல. சாயங்காலமா புள்ளைய ஒரு வெள்ளைப் பேப்பர்ல நிக்க வைங்க, உக்கார வச்சு இல்ல, நின்னாத்தான் பாதம் பரவும். பென்சில நேரா பிடிச்சு ரெண்டு காலையும் சுத்தி வரைஞ்சு வெட்டி கடைக்கு எடுத்துட்டுப் போங்க. ரெண்டு கால்ல எது பெருசோ அந்தப் பேப்பர ஷூவுக்குள்ள விட்டுப் பாருங்க, குதிகால் பக்கம் ஒட்டி வச்சா முன்னாடி ஒரு சென்டிமீட்டர் சுமார் மிச்சம் இருக்கணும், பக்கவாட்டுல பேப்பர் மடங்கக் கூடாது. அப்புறம் ஷூவ கைல எடுத்து முன்பாதிய மடிச்சுப் பாருங்க, ஈஸியா மடங்கணும், நடுவுல மடங்குனா வாங்காதீங்க. லேஸ் வேண்டாம், ஒட்டுற பட்டை இருந்தா இறுக்கி விடலாம். துணி ஷூ போதும், தோல் அவசியமே இல்ல, தோல் கம்பெனில இருந்த நானே சொல்றேன். ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை அந்தப் பேப்பர மறுபடி வரைஞ்சு பாருங்க. வருஷத்துக்கு மூணு ஜோடி ஆகும், 750 ரூபா. இதே புள்ளைக்கு முதல் பொறந்தநாள் கேக் 1500 ரூபாய்க்கு வெட்டுறோம்.

கயல்_அம்மா
இப்பதான் "ஒரு சென்டிமீட்டர் சுமார் மிச்சம்"னு சொன்னீங்க. காலைல கட்டைவிரல். ஒரு சென்டிமீட்டர்னா ஒரு சைஸ விட அதிகம். எல்லாரும் படிச்சுக்கோங்க, ஒரு சைஸ் பெருசு வாங்கணும்னு அவரே எழுதிட்டார். கேக் வெட்டுறதெல்லாம் எங்க வீட்டுல இல்ல, கோயிலுக்குப் போய்ட்டு பாயாசம் வைப்போம், அத நீங்க தீர்மானிக்க வேண்டாம்.

ஆம்பூர்_பேட்டர்ன்
காலை விட ஒரு சென்டிமீட்டர். சைஸ விட இல்ல. காலுக்கும் சைஸுக்கும் வித்தியாசம் இருக்குன்னு எத்தனை தடவை சொல்றது?

கயல்_அம்மா
காலுக்குத்தானே சார் ஷூ வாங்குறோம்?

ரெட்டைப்புள்ள_அம்மா
எனக்கு ரெட்டை, எல்லாம் ரெண்டு ரெண்டா வாங்கணும். அக்கா பசங்களோட பழைய ஷூ நாலு ஜோடி கிடக்கு, நல்லா இருக்கு, போடலாமா? யாராவது சொல்லுங்க.

மதுரை_மணி
போடுங்க தங்கச்சி, எங்க வீட்டுல அஞ்சு பேரும் ஒரே ஷூதான்.

ஆம்பூர்_பேட்டர்ன்
அப்படியே போடாதீங்கம்மா. திருப்பி அடிய பாருங்க, ஒரு பக்கமா தேஞ்சிருந்தா உங்க புள்ள காலும் அந்தப் பக்கமே சாயும். தேயாம இருந்தா, உள்ள சோல்ல விரல் பள்ளம் விழாம இருந்தா போடலாம்.

மதுரை_மணி
அப்ப நாங்க அஞ்சு பேரும் கோணலா நடக்குறோம்ங்கிறீங்க.

வெறுங்கால்_ராஜா
2300 புள்ளைங்க ஆராய்ச்சிக்கு இன்னும் ஒருத்தர் கூட பதில் சொல்லல.

ஆம்பூர்_பேட்டர்ன்
அது 4 வயசுக்கு மேல. இங்க பேசுறது 13 மாசப் புள்ளை. அந்த வயசுல எல்லாப் புள்ளைக்கும் பாதம் தட்டையாத்தான் இருக்கும், அடில கொழுப்பு இருக்கும், வளைவு வர வருஷங்கள் ஆகும். அத வச்சு ஷூவே வேண்டாம்னு சொன்னா என் பதினோரு வருஷ வேலைய அவமானப்படுத்துற மாதிரி இருக்கு. ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர்னு இந்தப் பக்கம் எத்தனை பொம்பளைங்க ஷூவோட மேல்பாகம் தைச்சு புள்ளைங்கள படிக்க வைக்கிறாங்க தெரியுமா?

வெறுங்கால்_ராஜா
அதுக்காக ஒரு வயசுப் புள்ள கால்ல மாட்டணுமா?

நித்யா_ஈரோடு
கயல் அக்கா, ஒரே ஒரு வார்த்தை. பஞ்சு வச்சது தப்புன்னு சொல்லுங்க, நான் இத்தோட விட்டுடறேன்.

கயல்_அம்மா
நீ வச்ச விதம் தப்பு. எவ்ளோ பஞ்சு வச்சேன்னு முதல்லயே கேட்டேன், இன்னும் பதில் வரல.

நித்யா_ஈரோடு
ரெண்டு ஷூவுக்கும் சேத்து ஒரு எலுமிச்சம்பழ அளவு.

கயல்_அம்மா
பாத்தீங்களா! எலுமிச்சம்பழம்! நான் கோலி குண்டு அளவுன்னு எழுதிருந்தேன்.

ஆம்பூர்_பேட்டர்ன்
நீங்க அளவே எழுதல. நானும் ஸ்க்ரீன்ஷாட் வச்சிருக்கேன், போடவா?