புதுப்பிப்பு: துத்தநாகத்தைக் காட்டும் ஒளிர் மூலக்கூறு, போர்வெல் தண்ணீரில்

முந்தைய இழையின் தொடர்ச்சி இது. சாலிசிலால்டிஹைடையும் அமினோபீனாலையும் சேர்த்துச் செய்த ஷிஃப் காரம் (கார்பன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு உள்ள சேர்மம்), எத்தனாலில் துத்தநாக அயனி பட்டதும் பச்சையாக ஒளிர்கிறது என்று எழுதியிருந்தேன். சென்னைத் தண்ணீரில் வேலைக்கு ஆகுமா என்று சிலர் கேட்டீர்கள்.

பாதிதான் ஆகிறது. வேளச்சேரி போர்வெல் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. ஆனாலும் கால்சியமும் மக்னீசியமும் பெரிதாகத் தொல்லை தரவில்லை. துத்தநாகம் சேர்த்ததும் 365 நானோமீட்டர் டார்ச்சில் பச்சை நன்றாகவே தெரிந்தது. வில்லன் தாமிரம்தான். ஒரு சொட்டு தாமிர சல்ஃபேட் விட்டேன், விளக்கை அணைத்த மாதிரி ஒளி போய்விட்டது.

காரணம் புதிதல்ல. துத்தநாக அயனியின் டி ஆர்பிட்டால் (எலக்ட்ரான்கள் இருக்கும் ஒரு வகை இடம்) நிறைந்தது, 10 எலக்ட்ரான்கள். அது மூலக்கூறின் ஆட்டத்தை நிறுத்துவதோடு சரி, வாங்கிய ஆற்றல் ஒளியாக வெளியே வரும். தாமிரத்துக்கு 9தான், அந்த ஆற்றலை ஒளியாக விடாமல் உறிஞ்சிவிடும். போதாததற்கு, எந்த உலோக அயனி எவ்வளவு இறுக்கமாகப் பிணையும் என்று சொல்லும் இர்விங்–வில்லியம்ஸ் வரிசைப்படி, தாமிரம் இந்த மூலக்கூறைத் துத்தநாகத்தைவிட இறுக்கமாகவும் பிடித்துக்கொள்ளும்.

ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தில் துத்தநாகத்துக்கு ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம், அதாவது சுமார் 76 மைக்ரோமோலார். அந்த அளவுக்கு இது தாராளமாகப் போதும். அப்புறம், தாமிரத்தைக் கட்டிப்போட சோடியம் தயோசல்ஃபேட் சேர்த்துப் பார்க்கப்போகிறேன்.

குவாண்டம் ஈல்டு (வாங்கிய ஒளியில் எவ்வளவு திரும்ப ஒளியாக வருகிறது என்ற விகிதம்) ஒப்பிட, அளவுகோலாக வைக்கும் குவினைன் சல்ஃபேட் யாரிடமாவது கொஞ்சம் இருந்தால் சொல்லுங்கள், தரமணி பக்கம் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.