எங்க ஊர் குளத்துல மாண்டரின் வாத்து: வழி தப்பி வந்ததா, யாரோ வளத்ததா?

நொய்யல்வாசி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூர் பக்கம் எங்க ஊர் குளத்துல நேத்து காலைல 6.40 இருக்கும், வலசை வர்ற நீலச்சிறகி வாத்துக் கூட்டத்த எண்ணிட்டு இருந்தேன், 200 தாண்டறப்ப நடுவுல ஒண்ணு மட்டும் வேற மாதிரி தெரிஞ்சுது. மொதல்ல யாரோ போட்ட சாமி மாலை மிதக்குதுன்னே நெனச்சுட்டேன், அவ்ளோ ஆரஞ்சு. திரும்பி நீந்தவும்தான் கண்ணு தெரிஞ்சுது. செவப்பு அலகு, கண்ணுக்கு மேல இருந்து பிடரி வரைக்கும் அகலமா வெள்ளப் பட்டை, கன்னத்துல தாடி மாதிரி ஆரஞ்சு இறகு தொங்குது, முதுகுல ரெண்டு பக்கமும் பாய்மரம் கட்டுன மாதிரி ரெண்டு இறகு நட்டுக்கிட்டு நிக்குது. மாண்டரின் ஆண்தாங்க, சந்தேகமே இல்ல. கை நடுக்கத்துல எடுத்த 14 போட்டோல 3 தான் தேறுச்சு, கீழ போட்டிருக்கேன்.

இது வலசைல வழி தப்பி வந்திருக்குமா, இல்ல வளத்த எடத்துல இருந்து தப்பிச்சு வந்துருச்சா? எத வச்சு சொல்றது? பாத்த பறவைய பதியற இ-பேர்ட் இணையதளத்துல ஏத்தலாமா? குளத்து பேர இப்போதைக்கு சொல்லலீங்க, தப்பா எடுத்துக்காதீங்க.

கரைநடை:
யப்பா, போட்டோ பாத்து எந்திரிச்சே நின்னுட்டேன்! வழி தப்பி வர்றது நடக்காத காரியம் இல்லீங்க. 2021 பிப்ரவரில அசாம்ல தின்சுகியா மாவட்டத்து மகுரி பீல்ல (பீல்னா அங்க ஏரி) ஒரு ஆண் வந்து எறங்குச்சு, அந்தப் பக்கம் 1902ல பதிவானதுக்கு அப்புறம் இப்பத்தான்னு எல்லா பேப்பர்லயும் வந்துச்சு. அதுக்கு முந்தின வருஷம் மே மாசம்தான் பக்கத்துல பாக்ஜான் எரிவாயு கெணறு வெடிச்சு எண்ணெய் எல்லாம் அந்த பீல்ல கலந்து மீன் செத்து மெதந்துச்சு, அப்படிப்பட்ட தண்ணிக்கு இது வந்து எறங்குனத நெனச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்கும். உங்க குளத்துக்கும் வந்திருக்கலாம் ண்ணா!

தூரநோக்கி:
சந்தோஷத்த கெடுக்கறதுக்காக சொல்லல தம்பி, ஆனா அசாம் கணக்க அப்படியே நம்ம ஊருக்குப் போட முடியாது. மாண்டரினோட சொந்த ஊரு ரஷ்யாவோட கிழக்குக் கோடி, வடகிழக்கு சீனா, கொரியா, ஜப்பான். குளிர் காலத்துக்கு தெக்கு சீனா பக்கம் எறங்கும். அங்கிருந்து பாத்தா அசாம் ஒரு எட்டு தள்ளி, திருப்பூர் எங்க இருக்கு! உங்க நீலச்சிறகி வர்ற பாதையே வேற. அதோட இந்த வாத்த அழகுக்காக உலகம் பூரா வளக்கறாங்க. 2018 அக்டோபர்ல நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல ஒண்ணு வந்து ஊரே கூடுச்சே, அதுக்கு வளத்த பறவைக்கு மாட்டற மாதிரி கால்ல வளையம் இருந்துச்சு. இங்கிலாந்துல தப்பிச்சதுக குஞ்சு பொரிச்சு பெருகி இன்னிக்கு காட்டுப் பறவை மாதிரியே திரியுது.

அதனால நாளைக்கு போனா அலகையும் கலரையும் பாக்காதீங்க, அதெல்லாம் பாத்தாச்சு. அது கரையேறற வரைக்கும் பொறுமையா உக்காந்து ரெண்டு காலையும் பாருங்க. ஆள் நடமாட்டத்துக்கு மத்த வாத்துக வெலகறப்ப இதுவும் வெலகுதா, இல்ல கைய பாத்து கிட்ட வருதான்னு பாருங்க. எல்லாத்தையும் விட முக்கியம், கூட்டம் பறக்கறப்ப ரெண்டு றெக்கையும் ஒரே நீளமா விரியுதான்னு பாருங்க. அதுக்காக நீங்களா கல்ல விட்டுக் கெளப்பிறாதீங்க, பூனைப்பருந்து ஒரு தடவ வட்டம் அடிச்சா தானா எல்லாம் எந்திரிக்கும்.

சிறகி:
குளத்து பேர சொல்லாம விட்டது ரொம்ப சரிங்க. எங்க ஊர்ல ஒரு தடவ அபூர்வமா ஒரு பறவை வந்து லொக்கேஷன் வாட்ஸ்அப் குரூப்ல போயி மறுநாள் 40 பேரு, வண்டிய கரை மேலயே ஏத்தி நாணல் வரைக்கும் எறங்குனாங்க, மூணாவது நாள் அதுவும் இல்ல, கூட இருந்த ஊசிவால் வாத்தும் இல்ல. பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து எளைச்சுப் போன பறவைங்க அதுக, இரை எடுக்கற நேரத்துல சும்மா சும்மா எழுப்பி விட்டா எப்படித் தேறும்.

நொய்யல்வாசி:
இன்னிக்கு 5.30க்கே போயி மதகு ஓரம் சீமைக் கருவேல மரத்தடில உக்காந்துட்டேன். 7.10க்கு பூனைப்பருந்து வந்துச்சுங்க. நீலச்சிறகி அத்தனையும் ஒரே வீச்சுல எந்திரிச்சுருச்சு, தட்டைவாயன் எந்திரிச்சுருச்சு, நாமக்கோழி எல்லாம் தண்ணி மேல ஓடுச்சு. இது மட்டும் எந்திரிக்கல. றெக்கைய அடிச்சு அடிச்சு ஒரு பத்தடி தண்ணியக் கிழிச்சுட்டுப் போயி வலப்பக்கமா சாஞ்சு விழுந்து நாணலுக்குள்ள நொழஞ்சுக்கிச்சு. போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன், எடது றெக்கை முழுசா விரிஞ்சிருக்கு, வலதுல நுனி இறகே இல்ல. கால்ல வளையம் ஒண்ணும் காணல.

தூரநோக்கி அண்ணா நீங்க சொன்னதுதான். ஆனா இப்ப எனக்கு அபூர்வமா இல்லையாங்கறதே மறந்து போச்சுங்க. மத்ததுக மார்ச் ஏப்ரல்ல கெளம்பிரும், இது என்ன பண்ணும்? தண்ணி வத்துனா கரைல நாய்க தொல்ல வேற ஜாஸ்தி.

தூரநோக்கி:
வளக்கறவங்க பறந்துறாம இருக்க றெக்கை வெட்டறதுல ரெண்டு வகை இருக்கு தம்பி. இறகு நுனிய மட்டும் கத்திரிச்சிருந்தா, கோடைக்கு அப்புறம் இறகு உதுந்து மொளைக்கறப்ப பழையபடி வந்துரும், பறந்துரும். குஞ்சுலயே மணிக்கட்டு எலும்போட வெட்டியிருந்தாங்கன்னா ஆயுசுக்கும் வராது. போட்டோல நுனி சதுரமா கத்திரிச்ச மாதிரியும் தெரியுது, அந்த எடமே மொட்டையா இருக்கற மாதிரியும் தெரியுது. இது தெரிஞ்சாத்தான் அடுத்தது யோசிக்க முடியும். வலை போட்டுப் பிடிக்க மட்டும் யாரையும் விடாதீங்க, எலும்பு வெட்டுன்னா வனத்துறைல சொல்லி அவங்க மூலமாவே பண்ணிக்கலாம். இ-பேர்ட்ல தாராளமா ஏத்துங்க, தப்பிச்சு வந்ததுன்னே ஒரு வகை வச்சிருக்காங்க, குறிப்புல றெக்கை விவரத்த எழுதிருங்க. ஞாயித்துக்கெழம நான் தூரத்துல இருந்து பாக்கற ஸ்கோப் எடுத்துட்டு வரட்டுமா?

நொய்யல்வாசி:
வாங்கண்ணா, குளத்து பேர தனியா அனுப்பறேன். வண்டிய ஊருக்குள்ள கோயில் முன்னாடியே விட்டுறலாம், அங்கிருந்து கரை மேல நடந்தா கால் மணி நேரம். 6 மணிக்கு முந்தி வந்துருங்க, வெயில் ஏறுனா நாணலுக்குள்ள போயிருது.