வளையம் இல்லாத சாம்பல் கிளி, என்ன செய்யலாம்?

வணக்கம். மாமா போன வாரம் ஓர் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி வாங்கி வந்திருக்கிறார். பாதி விலைக்குக் கிடைத்ததாம்! ரசீது இல்லை, காலில் அடையாள வளையமும் இல்லை. “அப்புறம் போட்டுத் தருகிறேன்” என்றாராம் விற்றவர். வளர்ப்பிடத்தில் பிறந்தது என்று காட்டும் மூடிய வளையம் (இணைப்பே இல்லாத முழு வளையம்) குஞ்சுப் பருவத்தில்தான் காலில் நுழையும். வளர்ந்த கிளிக்கு எப்படிப் போடுவார்? வெளிநாட்டிலிருந்து கடத்தி வந்ததோ என்று பயமாக இருக்கிறது.

2017 முதல் இந்தக் கிளி சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான கட்டுப்பாட்டில் இருக்கிறது. 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதியவும் வேண்டும். எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் எதை நிரப்புவது?

பாவம், சிவப்பு வாலிறகு முறிந்து கூண்டு மூலையிலேயே ஒடுங்கிக் கிடக்கிறது. சூரியகாந்தி விதையைக்கூடத் தொடவில்லை.

நாமே வனத்துறையிடம் போய்ச் சொன்னால் மாமா மேல் வழக்கு வருமா? இப்படி ஒப்படைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தாம்பரம் பக்கம் பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் இருந்தாலும் சொல்லுங்கள், அதுதான் முதல் அவசரம்.