தீக்குச்சி வேலி பொம்மை மாதிரி தெரிகிறது, எங்கே தப்பு?

சிறுதடம்:
எச்ஓ அளவில் (1:87, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) மாதிரி ரயிலுக்கு ஒரு கிளைப் பாதை அமைத்து வருகிறேன். தண்டவாளத்துக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு பழைய மரவேலி வேண்டும். தீக்குச்சிகளைத் தூணாக வைத்து, ஐஸ் குச்சியைச் சீவிக் குறுக்குச் சட்டம் ஒட்டி, பழுப்பு பெயின்ட் அடித்தேன். ரயில் பக்கத்தில் வந்து நின்றதும் வேலி மட்டும் துருத்திக்கொண்டு தெரிகிறது. மேடு ஏறி இறங்கும் இடம் இன்னும் மோசம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போய்விட்டது. என்ன செய்யலாம்?

பழைய சிக்னல்:
தம்பி, முதலில் தீக்குச்சியை அளந்து பாருங்கள். சுமார் 2 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அதை 87-ஆல் பெருக்கினால் 17 சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. வயல் வேலிக்கு அவ்வளவு தடித்த தூணை யார் நடுவார்கள்? 10 சென்டிமீட்டர் தூண் என்றால் உங்களுக்கு 1.2 மில்லிமீட்டர் போதும். உயரம் 1.2 மீட்டர் என்றால் 14 மில்லிமீட்டர். குறுக்குப் பலகைக்கு வெனீர் என்ற மெல்லிய மரத்தகட்டைக் கீறி எடுங்கள். கனத்தைக் குறைத்தாலே பாதிப் பொம்மைத்தனம் போய்விடும்.

அடுத்தது நிறம். பெயின்ட் காணாத பழைய மரம் பழுப்பாக இருக்காது. வெயிலில் மேல்பரப்பு சிதைந்து, அதை மழை கழுவிக் கழுவி, வெளிறிய சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். நான் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சில சொட்டு கறுப்பு இந்தியன் இங்க் விட்டு, குச்சிகளை அதில் நனைத்து எடுப்பேன். அதற்கு முன்னால் கம்பி பிரஷால் நீளவாக்கில் மட்டும் இழுத்துவிடுங்கள், அந்தக் கீறலில் மை இறங்கி ரேகையாகத் தெரியும். சாயம் முதலில், பசை அப்புறம். இதை மாற்றிச் செய்து ஒரு முழு வேலியைக் கழற்றி எறிந்திருக்கிறேன். பசை பட்ட இடத்தில் மை ஏறாமல் மூட்டுக்கு மூட்டு வெள்ளைத் திட்டு நின்றது.

மேட்டு விஷயம். நீங்கள் மேசையில் தட்டையாக ஒட்டி, அப்படியே தூக்கிக்கொண்டுபோய் நட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சரிவிலும் தூண் செங்குத்தாகத்தான் நிற்க வேண்டும், சட்டம்தான் நிலத்தோடு சாயும். அதனால் தூணை 8 மில்லிமீட்டர் கூடுதல் நீளமாக வெட்டி, துளை போட்டு ஒவ்வொன்றாக நடுங்கள். முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்து நிமிர்த்துங்கள். பசை காய்ந்த பிறகு அங்கேயே சட்டத்தை ஒட்டலாம். பொறுமை கேட்கும் வேலைதான், ஆனால் எனக்கு இதில் மிகவும் பிடித்த கட்டமே இதுதான்.

வளைவுப்பாதை:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. வளைவு இருந்தால் பசை போடும் முன் உங்களிடம் உள்ள மிக நீளமான ரயில் பெட்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள். வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் நீட்டும். எனக்கு நான்கு தூண் போனது அப்படித்தான்.

சிறுதடம்:
நன்றி ஐயா, தட்டையாக ஒட்டித்தான் நட்டேன். பாதிக்கு மேல் கம்பிவேலியாக மாற்றலாமா? செப்புக் கம்பி சரிவருமா?

பழைய சிக்னல்:
தாராளமாக மாற்றலாம். ஆனால் நிஜ வேலியின் 2.5 மில்லிமீட்டர் கம்பி இந்த அளவில் 0.03 மில்லிமீட்டர்தான், தலைமுடியைவிட மெல்லியது. செப்புக் கம்பி கனமாகத் தெரியும், சட்டைக் கை பட்டால் வளைந்து அப்படியே நிற்கும். மெல்லிய எலாஸ்டிக் நூல் வாங்குங்கள். கை பட்டாலும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ரொம்ப இழுத்துக் கட்டாதீர்கள், கடைசித் தூண் சாய்ந்துவிடும். அதற்கு ஒரு முட்டுக்கட்டை கொடுங்கள், நிஜ வேலியிலும் மூலைத்தூணுக்கு முட்டு உண்டு.

இன்னொன்று, தூண்களின் அடியில் மட்டும் புல்லைக் கொஞ்சம் உயரமாக, காய்ந்த நிறத்தில் ஒட்டுங்கள். வேலிக்கு அடியில் அரிவாள் சரியாகப் போகாது, அங்கே களை எப்போதும் மிஞ்சி நிற்கும். நட்டு முடித்ததும் படம் போடுங்கள் தம்பி, அந்த மேட்டைப் பார்க்க வேண்டும்.