புளியங்குற்றி பிளக்கவில்லை, கோடாலித் தலையும் ஆடுகிறது: என்ன செய்யலாம்?

கேட்டவர், சாம்பல்தீவு:
எங்கள் வளவில் நின்ற பழைய புளிய மரம் சென்ற வாடையில் சரிந்துவிட்டதால், அதை இயந்திர வாளால் ஒன்றரை அடிக் குற்றிகளாக அரிந்து வைத்திருக்கிறோம். 2022ஆம் ஆண்டு எரிவாயுத் தட்டுப்பாடு வந்ததிலிருந்து அம்மா விறகடுப்பையே நம்பிச் சமைப்பதால், ஐப்பசி மழைக்கு முன் இவற்றைக் கொத்தி அடுக்கிவிட வேண்டும். என்னிடம் இருப்பது மரம் தறிக்கும் மெல்லிய அலகுக் கோடாலி ஒன்று; எடை ஏறத்தாழ 2 கிலோ. அதை நன்றாகத் தீட்டிக்கொண்டு குற்றியின் நடுவில் ஓங்கிப் போட்டால், இரண்டு அங்குலம் இறங்கி இறுகிக்கொள்கிறதே தவிர மரம் வாய் திறப்பதில்லை. சிக்கிய கோடாலியின் பின்புறத்தில் சம்மட்டியால் அடித்தும் பார்த்தேன். இப்போது தலை ஆடுகிறது. முன்னர் போட்டிருந்த பிடி தலைக்குச் சற்றுக் கீழே முறிந்துபோனது. கூர் போதாதா, அல்லது நான் அடிக்கும் முறை பிழையா?

பதில், உப்புவெளி:
தலை ஆடுவதற்கு எளிய வழி உண்டு. இரவு முழுவதும் கோடாலியைத் தண்ணீர் வாளியில் ஊற வையுங்கள். பிடி ஊதி இறுகிவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வோம்.

பதில், தம்பலகாமம்:
தம்பி, என் தகப்பனார் கொல்லன் பட்டறை வைத்திருந்தவர். அங்கே கண்டு பழகியதை எழுதுகிறேன்.

கூர் போதாமை அல்ல உங்கள் சிக்கல். புளிய மரத்தின் நார்கள் நேராக ஓடாமல், ஒரு படை இடப்புறமும் அடுத்த படை வலப்புறமுமாகச் சாய்ந்து ஒன்றையொன்று பின்னிக்கொண்டு வளர்பவை. இறைச்சிக் கடைக்காரர் புளியங்குற்றியைத் தேடி வாங்குவது இதற்காகத்தான்: நாள் முழுவதும் கத்தி விழுந்தாலும் அது பிளக்காது. அந்தக் குணத்தோடுதான் நீங்கள் மல்லுக்கு நிற்கிறீர்கள். மெல்லிய அலகு நாரை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். ஆனால் அதன் கன்னங்கள் தட்டையாக இருப்பதால் மரத்தை இரு பக்கமும் தள்ளாது. பிளப்பதற்குக் கன்னம் தடித்த, பின்புறம் சம்மட்டி போன்ற, 6 முதல் 8 றாத்தல் எடையுள்ள கோடாலி வேண்டும். அது கிடைக்காவிட்டால் இரும்பு ஆப்புகள் வாங்குங்கள். ஒன்று போதாது, முதலாவது சிக்கினால் அதை விடுவிக்க இரண்டாவது வேண்டும்.

நடுவில் அடிப்பதையும் விட்டுவிடுங்கள். குற்றியின் ஓரத்திலிருந்து மூன்று விரல் அகலம் உள்ளே, ஆண்டு வளையத்தின் போக்கிலேயே அடித்துச் சிராம்பு சிராம்பாகக் கழற்றிக்கொண்டு சுற்றி வாருங்கள். ஓரத்துச் சிராம்பு வெளிப்பக்கம் விலகுவதற்கு இடமுண்டு. நடுவில் அந்த இடம் இல்லை. எஞ்சும் நடுக்கட்டையில் காய்ச்சலால் விழுந்த வெடிப்பு இருந்தால் அதன் வாயிலேயே ஆப்பை வையுங்கள். அடிக்க அடிக்க ஆப்பு துள்ளி வெளியே வந்தால், அதன் கன்னங்களில் காய்ந்த மணலைப் பூசிவிட்டு அடிக்க, வழுக்காமல் பிடித்துக்கொள்ளும்.

கோடாலியின் பின்புறத்தில் சம்மட்டி போடுவதை இன்றே நிறுத்துங்கள். பிடி நுழையும் துளையைச் சுற்றியுள்ள இரும்பு மெல்லியது; அது அகன்றுவிட்டால் எந்தப் பிடியும் நிற்காது, நாளடைவில் வெடித்தும் போகும். ஆப்பின் தலையும் அடி வாங்கி வாங்கிக் காளான் போல் விரியும். விரிந்த விளிம்பை உடனுக்குடன் அராவி எடுக்காவிட்டால், அதிலிருந்து தெறிக்கும் இரும்புத் துணுக்கு கண்ணைப் பறித்துவிடும். பட்டறையில் அத்தகைய காயத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கண்ணாடி அணியாமல் ஆப்பைத் தொடாதீர்கள்.

உப்புவெளிக்காரர் சொன்ன தண்ணீர் வைத்தியம் ஒரு நாளுக்கு உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஊதிய மரம் இரும்போடு நெரிந்து தன் நாரை நசுக்கிக்கொள்வதால், கச்சான் காற்றில் அது மறுபடி காயும்போது முன்னிலும் சிறுத்துவிடும். அதற்குப் பதிலாக, கோடாலியைத் தலை கீழே தொங்கும்படி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பிடியின் நுனியில் மரச்சுத்தியலால் தட்டுங்கள். தலை தானாகவே பிடியில் மேலேறி இறுகும். பிறகு தலையின் துளைக்குள் பிடியை இறுக்குவதற்காக அறைந்திருக்கும் பழைய மரச் சிறு ஆப்பைக் கழற்றிவிட்டு, சற்றுத் தடித்த புதிய ஒன்றை அறையுங்கள்.

பதில், கிண்ணியா:
பிடி ஏன் முறிந்தது என்பதற்கு மேலே விடை வரவில்லை. குற்றியின் எதிர்ப்புற ஓரத்தைக் குறிவைத்தால், அடி சற்றே தாண்டும்போது அலகுக்குப் பதிலாகப் பிடியின் கழுத்து மரத்தில் மோதும். உங்கள் பக்கத்து ஓரத்தில் அடியுங்கள். குற்றியையும் அடிக்கட்டையின் தூரப் பக்கத்தில் நிறுத்துங்கள். கழுத்தில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கட்டினால் தவறும் அடியின் வேகம் குறையும். குற்றியை ஒரு பழைய டயருக்குள் நிறுத்திக் கொத்தினால் துண்டுகள் காலில் விழா. செருப்போடு இந்த வேலைக்கு இறங்க வேண்டாம், தயவுசெய்து.

கேட்டவர், சாம்பல்தீவு:
ஐயா, மற்றும் பதில் எழுதிய இருவருக்கும் நன்றி. தடித்த கோடாலி கடையில் கிடைக்கவில்லை. ஆகவே இரண்டு ஆப்புகளை அடிப்பித்து வாங்கினேன். ஓரத்திலிருந்து கழற்றும் முறையில், முன்னர் ஒரு காலைப் பொழுதைத் தின்ற குற்றி இப்போது அரை மணி நேரத்துக்குள் முடிகிறது. தலை இறுகிவிட்டது, நுனியில் தட்ட அது மேலேறியதைக் கண்டு அம்மாவும் வியந்தார். மூன்று குற்றிகள் மட்டும் கிளை பிரியும் இடத்தில் அரியப்பட்டவை. அவற்றில் ஆப்பு முழுதும் புதைந்தும் அசைவில்லை. அவற்றை எப்படிப் பிளப்பது?

பதில், தம்பலகாமம்:
கவர் விழுந்த குற்றியோடு போராடி ஆப்பைப் பழுதாக்காதீர்கள். வாளால் பாதி உயரமாக அரிந்தால் ஒரு வேளை பிளக்கும். அதற்கும் மசியாவிட்டால், பட்டையை நீக்கி நிழலில் காயவிட்டு மீன் வெட்டுபவரிடம் கொடுங்கள். அப்படியான கட்டையை அவர் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.